பதினைந்து நிமிடம்

திவிசாதேரோவில் ரயில் நின்றதும்
படியில் தொங்கிக்கொண்டே கத்துவேன்:
"பதினைந்து நிமிடம்! பதினைந்தே நிமிடம்!"
பத்தொன்பது வருடமாக
அதே தொண்டை, அதே கத்தல்.

ஜனங்கள் குதித்திறங்கி
விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு
வாய் பிளப்பார்கள்.
பள்ளமும் வாய் பிளந்துதான் கிடக்கிறது.
அவ்வளவுதான் இருவருக்கும் பேச்சுவார்த்தை.
பிறகு வாசனை பிடித்து
அடுப்புப் பக்கம் ஓடிவருவார்கள்.

நான் பார்ப்பது கடிகாரத்தை.
அப்புறம் தலைகளை.
நூற்றிப்பன்னிரண்டு இறங்கினால்
நூற்றிப்பன்னிரண்டு ஏற வேண்டும்.
எண்பத்தாறு சுரங்கம் தாண்டும் இந்தப் பாதையில்
என் மலை, என் ஆறு, என் வானம் எல்லாம்
ஒரு பயணச்சீட்டு அகலம்தான்.

எர்மெலிந்தா
பள்ளத்துக்கு முதுகு காட்டி நிற்பாள்.
பாதியாய் அறுத்த எண்ணெய்ப் பீப்பாய் அவள் அடுப்பு.
நீலச் சோளமாவைத் தட்டிப் போட்டு
வயிற்றைக் கீறி
பீன்ஸும் மிளகாயும் அடைத்து
காகிதத்தில் சுருட்டி நீட்டுவாள்.
என்னிடம் மட்டும் காசு வாங்கியதில்லை.
நானும் நின்றபடி நாலே கடியில் விழுங்கிவிட்டு
விசிலை எடுத்துவிடுவேன்.

"இத்தனை அழகை முதுகில் வைத்துக்கொண்டு
திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேனென்கிறாளே"
என்று தொப்பிக்காரர் ஒருவர் அங்கலாய்த்தார்.
உங்கள் வீட்டுச் சமையலறையைக்
கம்பி பிடித்து நின்று பார்த்ததுண்டா என்று
கேட்க நினைத்தேன்.
சீருடை விடவில்லை.

போன ஆகஸ்டில், நல்ல மழைக்குப் பின்,
தெமோரிஸ் பக்கம் பாறை சரிந்து
தண்டவாளம் மூடிவிட்டதென்று வயர்லெஸ் கரகரத்தது.
பதினைந்து நிமிடம் முடிந்தது.
அதற்குப் பிறகு என்ன கத்துவதென்று
எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

முதல் மணி நேரம் கொண்டாட்டம்.
இரண்டாவதில் என் சட்டையைப் பிடித்தார்கள்.
மூன்றாவதில்
பாதாளத்துக்கு எதிரே வரிசையாய் உட்கார்ந்து
கைபேசியில் சிக்னல் தேடினார்கள்.
கூடைகள் விற்றுத் தீர்ந்தன.
மாவு தீர்ந்தது.
கடைசி ஒன்றை என் கையில் வைத்தாள்.

கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தேன்.
இரண்டு கையாலும் பிடித்து மென்றேன்.
உப்பு சற்றுத் தூக்கல்;
பத்தொன்பது வருடம் எனக்குத் தெரியாது.

அவள் கையைப் பாவாடையில் துடைத்தாள்.
திரும்பினாள்.
எல்லோரும் தூரத்தைப் பார்க்கும் இடத்தில்
அவள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்,
மூட்டைக்குள் ஊசி தேடுகிறவள்போல.

"என்ன?"
மோவாயால் காட்டினாள்.
ஒன்றுமில்லை. பாறை, பாறைக்குக் கீழே பாறை,
அதன் மடியில் மேகம்.
மேகம் கொஞ்சம் ஒதுங்கியது.
மூன்றாம் அடுக்கில்
நரைமுடி அளவு ஒரு புகை.

"என் தங்கச்சி.
நான் வரவில்லையென்று
இன்னும் அணைக்காமல் வைத்திருக்கிறாள்."
"எவ்வளவு தூரம்?"
"இறங்க ஒன்றரை மணி.
ஏறுவதைக் கேட்காதே."

அப்புறம் அவளாகவே சொன்னாள்.
ராத்திரிச் சரக்கு ரயில் போகும் சத்தம்
அங்கே கீழே கேட்குமாம்.
அவள் பையன் பாயில் படுத்தபடி
பெட்டிகளை எண்ணுவானாம்.
நேற்று நாற்பத்தொன்று.
நடுவில் தூங்கிவிட்டால்
மறுநாள் முழுக்கச் சிடுசிடுப்பானாம்.

இந்த மலையில்
எண்ணிக்கொண்டிருப்பவன் நான் ஒருவன்தான்
என்றிருந்தேன்.

புகையை மறுபடி தேடினேன்.
மேகம் மூடிவிட்டது.
எந்த அடுக்கென்று மட்டும் தெரிந்தது.
அது போதுமானதாக இருந்தது,
இருந்தும் போதவில்லை.

இருட்டும் நேரம் எஞ்சின் கூவியது.
எழுந்து பின்பக்கம் தட்டிக்கொண்டேன்.
வழக்கம்போல் தலையசைத்து நகரப் போனவனை
உள்ளங்கை நீட்டி நிறுத்தினாள்.

"முப்பது பெசோ."
"என்னிடமா?"
"நின்று தின்றால் ரயில்காரன்.
உட்கார்ந்து தின்றாயே."