இரண்டு சீட்டு

பவுனுத்தாய், ஐம்பத்து மூன்று, வலது முழங்கால்.
நிற்க வைத்துத்தான் எடுக்க வேண்டும்.
கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்,
மூன்றாவது முறையாக, இந்த அறையில்.

ஏலக்காய் கண்ணுக்கு நேரே காய்ப்பதில்லை.
தூரில் காய்க்கும்.
குத்தவைத்தே நகர வேண்டும் ஒரு மலை முழுக்க.
விடியுமுன் ஜீப்பில் பதினாறு பேர்,
கம்பமெட்டு வளைவுகளில்
முட்டியோடு முட்டி இடிக்க.

ஊசி போட்ட மறுநாள்
'புதுக் காலு' என்று நடந்து காட்டினாளாம்.
அந்த மாதம் ஒருநாளும் அவள் லீவு போடவில்லை,
வலி போட்டிருந்தது.

விளக்குப் பெட்டியில்
போன வருடத்தையும் இன்றையதையும் செருகினேன்.
அன்று இரண்டு எலும்புக்கும் நடுவே
பூண்டுத் தோல் அளவுக்குக் கறுப்பு.
இன்று அதுவும் இல்லை.
உள்பக்க ஓரம்
நனைந்த சீனிக்கட்டியாய் அமுங்கிக் கிடக்கிறது.
ஊசியா, மலையா, வயசா,
படம் அதைச் சொல்லாது.
சொல்ல எனக்கும் சம்பளமில்லை.

மஞ்சள் பைக்குள் இரண்டு சீட்டு.
கம்பத்து டாக்டர் ஒன்று,
கட்டப்பனை முத்திரையோடு ஒன்று.
அதே மருந்து. நடுவில் மூன்றே வாரம்.
'அங்க போட்டது இங்க தெரியாதுல்ல தம்பி?'
செக்போஸ்டில் அரிசி தப்பிய சிரிப்பு.

இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து
படத்துக்கு மேலே வைத்தேன்,
டாக்டர் கண்ணில் முதலில் படும்படி.

வாசல் பெஞ்சில் உட்கார்ந்து
நகத்தால் அந்தப் பின்னை நெம்பிக்கொண்டிருக்கிறாள்.
திங்கட்கிழமை ஜீப் வருகிறதாம்.