நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில்
ஒரு ஸ்டூல் போடுகிற அளவுக்கு இடம்.
தலவாக்கலையில் மழை பிடித்துக்கொண்டால்
அடையாள அட்டையைக்கூட யாரும் வெளியே எடுப்பதில்லை.
அப்படியான பின்னேரங்களில்தான்
நூலகத்திலிருந்து எடுத்த அந்த நாவலை வாசித்தேன்.
இளையோருக்கானது என்று அட்டையில் போட்டிருந்தது.
எனக்கு இருபத்தொன்பது.

கோப்பிக் காலத்துக் கதை.
மன்னாரில் கரையிறங்கி
மாத்தளைக்கு நடக்கிறது ஒரு கூட்டம்.
பெரிய கங்காணியின் தகரப்பெட்டி காணாமல் போகிறது.
எடுத்தது யார் என்பதுதான்
முந்நூற்று இருபது பக்கத்தையும் கட்டியிழுக்கிற கயிறு.
எனக்கு நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.
உங்களுக்கும் தெரிந்திருக்கும்:
ஒருவன் வெற்றிலை போடாதவன் என்று
மூன்று தரம் எழுதினால்
அவனேதான்.

நான் போனது ஒச்சாயிக்குப் பின்னால்.
பதினைந்து வயது.
கோபம் வந்தால் இடது காதை இழுத்துக்கொள்வாள்.
அந்தக் கூட்டத்தில் நூறு வரை எண்ணத் தெரிந்தவள்
அவள் ஒருத்திதான்.
விடியும் முன் எழும்பி ஆட்களை எண்ணுவாள்.
தொகை குறைந்த காலைகளில்
யாரிடமும் சொல்லாமல்
தன்னை இரண்டு தரம் எண்ணிக்கொள்வாள்.

பிறகு சடையன்.
பொய் சொல்லும் முன் தும்முகிறவன்.
அவனுடைய சித்தி வேலாத்தா,
தோணியில் வாந்தியெடுத்ததைத்
தேர்த் திருவிழா பார்த்துவந்த மாதிரி
எதிர்ப்படும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே நடக்கிறவள்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஆறு பெருகி
வழி அடைபடுகிறது.
அங்கிருந்து எட்டுப் பக்கம்
ஒன்றுமே நடக்கவில்லை.
பெட்டியை யாரும் தேடவில்லை.
சடையன் ஈர விறகை ஊதி ஊதித் தோற்கிறான்.
வேலாத்தா ஒச்சாயிக்குப் பேன் பார்க்கிறாள்.
ஒன்றைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டி,
"இதுக்கெல்லாம் தோணிக் கூலி யாருடி கட்டுனது?"

சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
பாண் வாங்கிக்கொண்டு
கடை வாசலில் மழைக்கு ஒதுங்கியிருந்த ஆள்
தன்னைத்தான் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி நின்றார்.

அதற்குப் பிறகு கதைக்கு ஏதோ அவசரம்.
தண்ணீர் வடிந்தது. சாவி கிடைத்தது.
நடு இரவில் குதிரை, கள்ளக் கையெழுத்து,
கோப்பி ஸ்டோரில் தீ.
அந்தத் தீயில் சடையனை விட்டுவிட்டார்கள்.
ஒச்சாயிக்கு ஆவேசம் வர
ஒரு சாவு வேண்டியிருந்ததுபோல.
அவனைத் தும்மக்கூட விடவில்லை.

பக்கத்துத் தையல் கடை நிரோஷிகா கேட்டாள்,
"என்ன கதை?"
"ஒரு பெட்டி காணாமப் போயி கிடைக்குது."
"அவ்வளவுதானா?"
"ஒச்சாயின்னு ஒரு புள்ள..."
காதை இழுத்துக் காட்டினேன். தும்மிக் காட்டினேன்.
அவள் பாவாடை நாடா ஒன்றைக் கோத்தபடியே கேட்டிருந்து
கடைசியில்,
"எந்தத் தோட்டத்துப் புள்ள அது?
கிரேட் வெஸ்டர்னா?" என்றாள்.
இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாளைக்குப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.
முதலாளி வீட்டுக்குப் போனதும்
மெஷினின் மூடியைத் தூக்கிக்
கவிழ்த்து வைத்தேன்.
பச்சை வெளிச்சம்
ஆற்றங்கரைக்கு மேலே போய்ப் போய் வந்தது,
நூற்றுப் பன்னிரண்டிலிருந்து நூற்றுப் பத்தொன்பது வரை.
சடையனின் பக்கம் மட்டும் கொஞ்சம் கறுப்பாக விழுந்தது,
புகையாக இருக்கலாம்.
மூலையில் ஒரு ஸ்டேப்ளர் முள்.
லாச்சியில் என் காசு எண்பது ரூபாய்.

மேல் கொத்மலையில் வான்கதவு திறக்கப்போவதாகச்
சங்கு ஊதுகிறது.
திறக்கட்டும்.
இந்தத் தாள்களில் மட்டும்
இன்னும் கொஞ்சம் பெய்யட்டும்.
ஆறு வடிந்தால்
இவர்கள் கிளம்பிவிடுவார்கள்.