எட்டாவது கால்

இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்
தடா மேம்பாலத்தடியில் என்னை உதிர்க்கும்போது
ஆறு இருபது.
ஆரம்பாக்கம் போகும் ஷேர் ஆட்டோவுக்கு
இன்னும் ஐந்து பேர் வேண்டும்.
அவர்கள் வந்து சேரும்வரை
ஏரி என்னுடையது.

எல்லைக்கு அந்தப்பக்கத்து ஏரி.
கரையில் பொதுப்பணிக்காரர்கள் நட்ட பலகை தெலுங்கில்.
அல்லிக்கும் ஆகாயத்தாமரைக்கும்
பலகை ஒன்றும் இல்லை.

கேமரா, சூலூர்ப்பேட்டையில்
கல்யாண ஸ்டுடியோ ஒன்றை மூடியபோது வாங்கியது.
லென்ஸுக்குள் ஒரு மூலையில் பூஞ்சை.
எத்தனையோ பேர் தாலி கட்டுவதைப் பார்த்த கண்ணாடி
இப்போது சேற்றைப் பார்க்கிறது,
குறை சொல்லாமல்.

இலைக்கோழியை முதல் நாள்
தாய் என்றுதான் எண்ணினேன்.
வெள்ளைப் புருவம், வெண்கல முதுகு,
பின்னால் நாலு குஞ்சு.
லாரி டியூபில் மிதந்தபடி
வலை எடுத்துக்கொண்டிருந்த போலய்யா
திரும்பாமலே சொன்னார்:
"அம்ம காது. நான்ன."
முட்டையிட்டவள் அடுத்த அல்லித்திட்டில்
இன்னொருவனோடு இருக்கிறாளாம்.
கைகாட்டினார்,
வம்பு பேசுகிறவர் முகத்தோடு அல்ல,
பஸ் நிற்கும் இடத்தைக் காட்டுகிறவரைப் போல.

திங்கள் நாலு.
புதன் நாலு.
வெள்ளி மூன்று.
செந்நாரை ஒன்று கழுத்தை மடித்துக்கொண்டு
கோரைக்குள் நின்றது.
அதையும் படம் எடுத்தேன்.
நல்ல வெளிச்சம்.

நான் காத்திருந்த படம் வேறு.
ஆபத்தென்றால் அப்பன் குந்துவான்,
இறக்கையைக் கொஞ்சம் தளர்த்துவான்,
குஞ்சுகள் கக்கத்துக்குள் புகும்.
எழுந்து நடப்பான்.
வயிற்றோரம் தொங்கும்
அவனுடையவை அல்லாத கால்கள்,
நூல் பிரிந்த துணிபோல.
ஒரு பறவைக்கு இத்தனை காலா என்று
பார்க்கிறவர்கள் கேட்கவேண்டும்.

ஆபத்தென்றால்.
அந்தச் சொல்லைத் தாண்டித் தாண்டியே
அதுவரை படித்திருந்தேன்.

ஞாயிறன்று சென்னையிலிருந்து காரில் வந்தவர்,
என் கை நீளத்துக்கு லென்ஸ்,
போலய்யாவிடம் ஐந்நூறு நீட்டி
"அந்தப் பக்கமா கொஞ்சம் இறங்கி நடங்களேன்" என்றார்.
போலய்யா வாங்கி மடித்து
டோப்பிக்குள் வைத்துக்கொண்டு
எதிர்ப்பக்கமாக நடந்துபோனார்.
நான் சிரித்தேன்.
சிரிக்கும்போதே, அவர் சரியான பக்கம் போயிருந்தால்
கேமராவை எடுத்திருப்பேன் என்றும்
தெரிந்தது.

மறு திங்கள்.
குஞ்சுகள் என் அருகே, இருபதடி இருக்காது,
இலைக்கு இலை விரல் பரப்பி மேய்கின்றன.
இலை அமுங்கவில்லை.
என் இடுப்பில் கைபேசி
உச்சக் குரலில் அலறியது.

அவன் குந்தினான்.
இறக்கை தளர்ந்தது.
ஒன்று, இரண்டு, மூன்றாவது சற்றுத் தடுமாறி.
எழுந்து, என்னையே பார்த்தபடி
என்னைவிட்டு நடந்தான்.
பதினோரு முறை அழுத்தினேன்.
அது அலறி அலறித்
தானே ஓய்ந்தது.

திரும்ப அழைத்தேன்.
"சிவப்பு ரிப்பன் எங்க வச்ச?
ஒரு பக்கம் பின்னிட்டேன்,
தலைய ஆட்டிக்கிட்டே இருக்கா" என்றார் முனிரத்தினம்.
பின்னால் யோகிதா எதையோ பாடிக்கொண்டிருந்தாள்.
எனக்குத் தெரியவில்லை.
தெரியவில்லை என்றேன்.
"சரி, பச்சையே கட்டிடறேன்."

ஆட்டோவில் படத்தைப் பெரிதாக்கினேன்.
அவனுக்கு இரண்டு,
மூன்று குஞ்சுக்கு ஆறு,
எட்டு வரவேண்டும்.
ஏழுதான் வருகிறது.
ஒரு கால் உள்ளே மடங்கியிருக்கலாம்.
பூஞ்சை மூலையில் விழுந்திருக்கலாம்.
சோதனைச்சாவடி தாண்டும்வரை
இன்னும் இன்னும் பெரிதாக்கினேன்.
இறகு கட்டம் கட்டமாய் உடைந்தது.
பக்கத்தில் மீன்கூடைக்காரம்மா எட்டிப் பார்த்து
"என்னம்மா தொலைச்ச?" என்று கேட்டாள்.