உள்ளதாகச் சொல்லப்படுகிறது

எர்ணாவூர் மேம்பாலம் இறங்கி மூன்றாவது தெரு.
தரைத்தளம். சாமான்களோடு வாடகைக்கு.
பதினோரு மாத ஒப்பந்தம்,
பின்னால் குத்திய தாளில் பட்டியல்:
ஃபிரிட்ஜ் ஒன்று. கட்டில் ஒன்று, மெத்தையுடன்.
மின்விசிறி மூன்று. மேசை, நாற்காலி நான்கு.

"கையெழுத்துப் போடும்மா,
ஓனரு நல்ல மனுசன், ஷார்ஜால கீறாரு"
என்றார் புரோக்கர் கன்னியப்பன்.
நான் பேனாவை மூடிவிட்டு டார்ச்சை எடுத்தேன்.

மணலி சரக்குப் பெட்டக யார்டில்
பதினாறு வருடமாய் டேலி கிளார்க்.
எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டது
தாலி ஒன்றைத்தான்.
அதையும் திருப்பி அனுப்பியாயிற்று.

ஃபிரிட்ஜின் இடப்பக்கம்
உள்ளங்கை அகலத்துக்கு நசுங்கல். எழுதினேன்.
நாற்காலி நான்கல்ல, மூன்றரை. எழுதினேன்.
கன்னியப்பன் வாட்சைப் பார்த்தார்.

வரிசை எண் பதினான்கு:
இரும்பு பீரோ, பூட்டியது.
உள்ளே உரிமையாளர் உடைமைகள். திறக்கக் கூடாது.

எங்கள் காகிதங்களில் இதற்கு ஒரு வாசகம் உண்டு,
கப்பல்காரன் திறந்து பார்க்காத பெட்டிக்கு எதிரே அடிப்பது:
உள்ளதாகச் சொல்லப்படுகிறது.
அவன் பொய் சொல்வதில்லை.
நாங்கள் நம்புவதும் இல்லை.
பெட்டி மட்டும் கடலைக் கடந்துவிடும்.

ஏழு மாதம்.
மெத்தையின் குழி யாருடையதோ,
எந்தப் பக்கம் படுத்தாலும் அதற்குள் உருண்டேன்.
டிரெய்லர் போகும்போதெல்லாம்
அலமாரி டம்ளர்கள் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும்.
ஜன்னல் கம்பியில் தினமும் கரி.
துணியை அலசும்போது நினைப்பேன்,
இது பட்டியலில் இல்லை.
இந்த வீட்டில் முழுசாக என்னுடையது இதுதான்.

கார்த்திகைக் கடைசியில் மூன்று நாள் விடாத மழை.
சாக்கடையும் கழிமுகமும் ஒன்றாகி
எண்ணெய் வாடையோடு
முதல் படி, இரண்டாம் படி.
எபினேசர் சார் கூப்பிட்டார்.
"ஃபிரிட்ஜ் போனா போவட்டும்.
பீரோவ மட்டும் எப்டினா ஏத்திடும்மா.
ஸ்டெல்லா பூட்டினது. சாவி அவகிட்ட.
எல்லாம் அதுலதான் கீது."

செங்கல் எட்டு.
எதிர்வீட்டு டில்லிபாபு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
மூச்சை இழுத்துத் தம் பிடித்தோம்.
தேவைப்படவில்லை.

காலிப் பெட்டகத்தைக் கிரேன் தூக்கினால்
முதல் அரையடியிலேயே தெரியும்.
கொஞ்சம் துள்ளும்.
இதுவும் துள்ளியது.
உள்ளே ஒரு ஹேங்கர் தகரத்தில் மோதியது,
ஒரே ஒரு முறை.
டில்லிபாபு என்னைப் பார்த்தான்.
நான் செங்கல்லைப் பார்த்தேன்.

"ஏத்தியாச்சா? வெயிட்டா இருந்துருக்குமே?"
"ஆமா சார். நாலு பேர் புடிச்சோம்."
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் ஏசி சத்தம் மட்டும்.
"அப்பாடா" என்றார்.

பங்குனியில் ஒப்பந்தம் புதுப்பித்தோம்.
பழைய பட்டியலையே எடுத்து வந்தார் கன்னியப்பன்.
ஃபிரிட்ஜ், அடித்தேன்.
மெத்தை, அடித்தேன்.
பதினான்காம் எண்ணுக்கு எதிரே
கை தானாக எழுதியது:
சீல் உடையவில்லை.