சும்மா பாருங்கக்கா

ஞாயிறு காலை ஒன்பதே காலுக்குக்
கடலூர் பஸ் ஸ்டாண்டில் மூவரும் நின்ற விதமே
படையெடுப்புக்குப் போகிற விதம்.
அமலோற்பவத்திடம் பட்டியல்.
ஜமீலாவிடம் மடித்துவைத்த நான்கு காலிப் பைகள்.
குணவதியிடம் போன தீபாவளிக்கு மாற்ற மறந்த
ரவிக்கைத் துணியும், நிறம் போன அதன் ரசீதும்.
என்னிடம் ஒரு தண்ணீர் பாட்டில்.

எனக்கு எதுவும் வேண்டாம் என்றேன்.
வேண்டாம் என்கிறவள்தான் வேண்டும் என்றார்கள்,
பை பார்த்துக்கொள்ள.

முள்ளோடையில் பஸ்ஸின் பாதி ஆண்கள் இறங்கிப்போனார்கள்.
அவர்களுடைய கடை எல்லையிலேயே இருக்கிறது.
நிறம் பார்ப்பதில்லை, நீளம் பார்ப்பதில்லை,
கண்ணாடி முன் திரும்பித் திரும்பி நிற்பதில்லை.
கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

காந்தி வீதியில் வெயிலுக்கு முன்பே கூட்டம்.
நடைபாதையில் குவித்த சட்டைகளுக்குள்
முழங்கை வரை கைவிட்டு
விரால் பிடிப்பதுபோல் ஒன்றைப் பிடித்தாள் ஜமீலா.
நூத்தம்பது. எண்பது. கட்டாதும்மா.
நகர்ந்தாள். மூன்றே அடி.
நான்காவது அடிக்குள் அவன் கூப்பிட்டான்.
எனக்கு அந்த மூன்றடி வராது.
நான் நகர்ந்தால் நகர்ந்ததுதான்.

பன்னிரண்டு மணிக்கு
இடது தோளில் இரண்டு பை, வலதில் ஒன்று,
கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி,
வாளிக்குள் அமலோற்பவத்தின் தம்பி மகனுக்கு டைனோசர்.
நான் அடி வைக்கும்போதெல்லாம் அது உறுமியது.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நேரு வீதியில் நான்கு மாடித் துணிக்கடை.
இரண்டாம் மாடியில் ஒரு ஸ்டூல் இருந்தது.
அதற்காகவே அந்தக் கடையை மன்னித்தேன்.
மூவரும் மூன்று திசையில் கரைந்தார்கள்.

"பாருங்கக்கா."
"வேணாம்மா, சும்மா உட்கார்ந்திருக்கேன்."
"சும்மா பாருங்கக்கா."
"வாங்க மாட்டேன்."
குனிந்தாள். இருபது வயதிருக்கும்.
பேட்ஜில் பெயர் இல்லை, எண் 41.
"வாங்க வேணாம். பாருங்க, போதும்.
சும்மா நின்னா மேல பேல் பிரிக்க அனுப்பிடுவாரு.
கால் வீங்கியிருக்கு."

தூணருகில் ஒரு வெள்ளைச் சட்டை
எங்களைப் பார்த்தபடி பேனாவைச் சொடுக்கிக்கொண்டிருந்தது.

அதனால் பார்த்தேன்.
நாற்பத்தாறு வருடத்தில் அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை.
கத்தரிப்பூ நிறம் கேட்டேன்.
இந்தக் கத்தரிப்பூ இல்லை, காலையில் பூத்தது என்றேன்.
கரை சின்னதாக. இல்லை, கொஞ்சம் பெரிதாக.
அன்னம் வேண்டாம். மாங்காய் அலுத்துவிட்டது.
அரக்கு இருக்கிறதா, மயில்கழுத்து, பொன்வண்டு?
குணவதியின் உதட்டுச் சுழிப்பைக் கடன் வாங்கினேன்,
ஜமீலாவின் 'ம்ஹூம்',
முந்தானையை விளக்குக்குத் தூக்கிப் பிடிக்கும்
அமலோற்பவத்தின் சந்தேகம்.

எண் 41 ஒவ்வொன்றாக விரித்தாள்,
மெதுவாக, இன்னும் மெதுவாக.
மேசைக்குப் பின்னால் ஒரு செருப்பு கழன்றது,
பிறகு மற்றது.
அலமாரியின் கீழ்த்தட்டு விளிம்பில்
பாதி உட்கார்ந்தாள்.
துணி ஏற ஏற வெள்ளைச் சட்டைக்கு அவள் தெரியவில்லை.
இன்னும் பத்து எடும்மா என்றேன்.

"ஏய், பூங்காவனம் புடவை பாக்குறாடி!"
ஓடிவந்தார்கள்.
தேவனாம்பட்டினம் கரையில் திமிங்கலம் ஒதுங்கினால்
அப்படித்தான் ஓடுவார்கள்.
இது உனக்கு எடுக்கும், அது எடுக்காது,
என் தோளில் ஆளுக்கொரு புடவை.
எண் 41 சட்டென எழுந்து நின்றாள்.

"எதுவும் பிடிக்கல" என்றேன்.
பேனா நின்றது.
அவள் என்னைப் பார்க்காமல் மடிக்கத் தொடங்கினாள்.
முப்பத்து நான்கு புடவை.
மடிப்பதை நான் யோசித்திருக்கவில்லை.

நானும் இரண்டை மடித்தேன்.
அந்த இரண்டையும் அவள் பிரித்து மறுபடி மடித்தாள்.

கடைசியில் பொன்வண்டு நிறத்தில் ஒன்று, அறுநூற்று நாற்பது.
எனக்கு எடுக்காது.

அரியாங்குப்பம் பாலத்தில் பஸ் குலுங்க
வாளிக்குள் டைனோசர் உறுமியது.
மூவரும் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.
ரசீதில் விற்பனையாளர்: 41.
கீழே பொடி எழுத்தில்,
ஏழு நாட்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம்.
இன்றைக்கும் சேர்த்தா, சேர்க்காமலா?
அடுத்த ஞாயிறு வரை
விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன்.