பதினோரு நாள்

ஓசூர் சிப்காட், பாதி இறக்கிய ஷட்டர்.
உள்ளே நாற்காலியில் அதை உட்காரவைத்திருந்தார்கள்.
சிலிகான் தோல், நட்ட இமைமுடி,
கழுத்தடியில் மட்டும் ஒரு திருகு.

எனக்குப் பதினோரு நாள் கிடையாது.
கெலமங்கலம் சாலையில்
பஞ்சரான ஸ்கூட்டியைத் தள்ளியது கடைசி.
அடுத்தது பெரியாஸ்பத்திரி,
தலையில் தையல், உரித்துவைத்த சாத்துக்குடி.
நடுவில் ஒன்றுமில்லை.
அழித்த பலகையில்கூட சாக்பொடி மிஞ்சும்.

முனிரத்னாவைக் காணவில்லை.
"பெங்களூர் பஸ் ஏறியிருப்பா" என்கிறார் எஸ்.ஐ.
எனக்குத் தெரியாது என்று
நாலு தாளில் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பேச்சு பழக்கியது அவள்தான்,
சாயங்கால ஷிஃப்டில், மணிக்கு நூற்றைம்பது ரூபாய்.
நான் கிட்டே போனதும் இமை தூக்கி
"ஏமே" என்றது.
வீட்டுத் தெலுங்கில் என்னை அப்படிக் கூப்பிட
ஒருத்திதான் இருந்தாள்.

இருந்தாள் என்று ஏன் சொல்கிறேன்?

உள்ளங்கையை விரித்தது. பச்சைக்கல் கம்மல்,
ஒன்று மட்டும்.
இதன் ஜோடி என் பையின் உள்ஜிப்பில் இருப்பது
எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

வெளியே தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.
அது நிற்கும்வரை காத்திருந்து,
அவள் குரலிலேயே, கோபமில்லாமல்:

"நீயே சொல்றியா,
இல்ல நான் சொல்லட்டுமா?"