ஒன்றரைப் பல்லி

மனாப்பனியில் கடலுக்கு முன்னால்
தாழைதான் விழிக்கிறது.
இங்கே அதற்கு வாக்குவா என்று பேர்.
மணக்காது. கொண்டையில் செருக யாரும் தேடி வருவதில்லை.
முட்டுவேரைக் கரும்பாறையில் ஊன்றி
உப்புக்காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும்.
அதன் இலைக்கக்கத்தில்
வெயிலுக்குக் காத்திருக்கும் பச்சைப் பல்லிகளை
எண்ணுவது என் வேலை.

நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம்.
முதுகில் குங்குமம் சிந்தியதுபோல் சிவப்பு;
சிந்திய விதம் ஒவ்வொன்றுக்கும் வேறு.
தொட வேண்டாம், மை தடவ வேண்டாம்,
படம் எடுத்தால் ஆள் தெரிந்துவிடும்.

கணக்கு சுலபம்.
முதல் நாள் பார்த்தவை, அடுத்த வாரம் பார்த்தவை,
இரண்டையும் பெருக்கி
இரண்டு நாளும் வந்தவற்றால் வகு.
பார்த்ததைக் கொண்டு பார்க்காததை எண்ணுவது.
கடவுளைப் பற்றிப் பேசுகிறவர்களும்
இதையேதான் செய்கிறார்கள்,
வகுக்காமல்.

ஏழு வருடம் முன்பு இதே சரிவில்
முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று,
இரண்டிலும் வந்தது பன்னிரண்டு.
நூற்று முப்பது என்று எழுதிவிட்டு
ஜெரி சினிமாலே சலித்துக்கொண்டான்:
"எல்லாம் புதுமுகம். ஒருத்தனையும் அடையாளம் தெரியலை."
(சின்னமலை என்று கப்பலேறி
சினிமாலே என்று இறங்கிய குடும்பம்.
அவனுக்கும் ஓர் அடையாளப் பிரச்சினை உண்டு.)
அந்தச் சலிப்பு எவ்வளவு பெரிய செல்வம்!

இந்த வருடம்
பத்தொன்பது. இருபத்தொன்று.
இரண்டிலும், பதினேழு.

எல்லாரையும் தெரிகிறது.
அரைவால்காரி.
குழாயடியை விட்டு நகராத சோம்பேறி.
பிடரியில் ஆய்த எழுத்தைத் தலைகீழாகப் போட்டவன்.
கண்டதும் மனசு குளிர்கிறது.
குளிர்ந்த மனசைப்
படிவத்தில் வகுக்கும் எண்ணாக இறக்குகிறேன்.
தெரிந்த முகம் கூடக்கூட
ஊர் சிறுக்கிறது.

அலை கொஞ்சம் தின்றது.
மேல்தெருவிலிருந்து தங்கத்தூள் பல்லி வந்தது,
எந்தப் படகில் எந்த வாழைத்தாரில் ஏறி வந்ததோ.
மதாம் பெல்லாங்கர்
கடல் தெரியவில்லை என்று நான்கு தாழையை வெட்டினாள்.
இப்போது தெரிகிறது.
கடல் மட்டும்.

திட்டத்தான் போனேன்.
காப்பி கொடுத்து, வெட்டிய அடிமரத்தைக் காட்டி
"இதில் முட்டை இருந்ததா?" என்றாள்.
இருந்தது. வெள்ளையாய் இரண்டு, ஒட்டிக் காய்ந்து.
மறுநாள் ஜெரியின் கன்றுகளில் ஆறைக் கேட்டு வாங்கினாள்.
பல்லி நம்பிக் குடியேறும் கக்கம் வர
எட்டு வருடம் என்று சொன்னேன்.
தனக்கு எழுபத்தொன்பது என்றாள்,
குழி தோண்டியபடியே.

வீட்டுப் பல்லி கத்தினால்
பேசியது மெய் என்று தரையைத் தட்டுவோம்.
இது கத்துவதில்லை.
எந்த அறிக்கைக்கும் சாட்சி சொல்லாது.

மிச்சம் ஒரே ஒரு படம்.
இருபத்தொன்றில் கடைசி. காற்றில் இலை ஆட, கலங்கிவிட்டது.
பழையதுதான் என்கிறான் ஜெரி.
புதிது என்கிறேன் நான்.
பழையதென்றால் இருபத்துமூன்றரை,
புதியதென்றால் இருபத்தைந்து.
ஒன்றரைப் பல்லி வித்தியாசத்துக்கு
நள்ளிரவு வரை திரையைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறோம்,
சிவப்பெல்லாம் சதுரம் சதுரமாக உடையும் வரை.

விடிந்ததும் போய் நிற்பேன்,
வெயில் தாழையில் ஏறுமுன்.
யாரென்றே தெரியாத ஒன்று
என்னை முறைக்க வேண்டும்.